நீ வாசிக்கப்போகும் பக்கம்

கிரீனக்கில் மழைக்கு வேளை பொழுது கிடையாது.
இரவு மூன்று நாற்பது.
விடுதி அலுவலக அறையில் நானும் ஒரு ஹீட்டரும்
பத்துப் பேர் கடித்துவைத்த பேனாவும்.
ஏஜென்சியிலிருந்து வந்த மாலைப் பணிக்காரர்
குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்:
"ரூரி. ஆக்ரோஷம். அறைக்கதவு சேதம். கண்காணிக்கவும்."
தந்தி அடித்த மாதிரி.

ரூரி,
வளர்ந்தபின் ஒருநாள் உன் கோப்பை நீ கேட்டு வாங்குவாய்.
வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.
போன வருடம் ஒருத்தி வந்தாள்.
முப்பத்தொரு வயது, கூரக் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறாள்.
மூன்று பெட்டிக் காகிதம்,
பாதி வரிகள் கறுப்பு மையடித்தவை.
அவள் தேடியது ஒன்றே ஒன்று:
ஏழு வயதில் தனக்கு ஒரு நாய்க்குட்டி இருந்ததா,
இல்லை, தானே கற்பனை செய்துகொண்டதா.
எந்தப் பக்கத்திலும் நாய் இல்லை.
"அம்மாவுடன் சந்திப்பு நடந்தது. அசம்பாவிதம் இல்லை"
என்று மட்டும் நாற்பது தடவை இருந்தது.
அதில் ஒன்பதின் கீழே என் கையெழுத்து.

ஆகவே மெதுவாக எழுதுகிறேன்.

உன் அம்மா நான்கு மணிக்கு வருவதாக இருந்தது.
மூன்று ஐம்பதுக்கே நீ கோட்டை மாட்டி
கழுத்துவரை ஜிப்பை இழுத்து
முன்ஜன்னலில் உட்கார்ந்துவிட்டாய் என்று
சமையல்கார இஷ்பெல் சொன்னாள்.
ஒவ்வொரு காருக்கும் பாதி எழுந்தாயாம்.
போன் எதுவும் வரவில்லை.
ஆறேகாலுக்கு, ஜிப்பைத் திறக்காமலே மாடிக்குப் போனாய்.
ஆறு பதினேழுக்குக் கதவு.

மூன்று உதை. கீல் பெயர்ந்துவிட்டது.
அதை மறைக்கப்போவதில்லை,
உனக்குப் பொய் எழுத எனக்கு உரிமையில்லை.
ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால்
கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் ஒன்று இருந்தது.
அதை யாரும் எழுதவில்லை.

பிறகு, பன்னிரண்டரைக்கு,
போலீஸ் வண்டியில் ஒரு சின்னப் பெண் வந்தாள்.
எஃபி. ஆறு வயது.
நெற்றியில் நீச்சல் கண்ணாடி, கழற்றமாட்டேன் என்றாள்.
அதற்குப் பிறகு எதுவுமே சொல்லவில்லை.
பால் காய்ச்சினேன். பஞ்சுக் கரடி காட்டினேன்.
பயிற்சி வகுப்பில் கற்றுத்தந்த குரலில் பேசினேன்.
அந்தக் குரல் எனக்கே பிடிக்காது.

நீ வெறுங்காலோடு இறங்கி வந்தாய்.
கதவில்லாத அறை, எல்லாம் கேட்டிருக்கும்.
இன்னொரு ரகளை என்றுதான் நினைத்தேன்,
நினைத்ததையும் எழுதிவைக்கிறேன்.
நீ அவளைப் பார்க்கவில்லை.
ரொட்டியை எடுத்தாய். டோஸ்டரிடம் சொல்வதுபோலச் சொன்னாய்:
"இது ஒரு பக்கம்தான் சுடும். திருப்பிப் போடணும்."
பிறகு, "ஏழாம் ரூம்ல ராத்திரி டொக்கு டொக்குன்னு கேக்கும்.
பேய் இல்ல. ரேடியேட்டர்ல தண்ணி."
பிறகு, "பாத்ரூம் லைட்டுக்குக் கயிற இழுக்கணும்.
ரொம்ப இழுத்தா கையோட வந்துரும். எனக்கு வந்துச்சு."

எஃபி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டாள்,
முங்கப் போகிறவள் போல.
உனக்கு எதிர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.
நான்கு துண்டு தின்றாள்.
ஓரத்தை மட்டும் உன் தட்டில் வைத்தாள்.
நீ ஒன்றும் சொல்லாமல் அதைத் தின்றாய்.

படியேறும்போது என்னிடம் கேட்டாய்,
"கதவு எப்ப வரும்?"
தச்சர் வெள்ளிக்கிழமை வருவார் என்றேன்.
ஏழாம் எண் அறைப் பக்கம் பார்த்தாய்.
"அவசரமில்ல" என்றாய்.

இந்தப் படிவத்தில் டோஸ்டுக்குக் கட்டம் இல்லை.
'சம்பவ வகை'க்கு எட்டு இருக்கிறது, எதிலும் இது அடங்காது.
ஓரத்தில் எழுதுகிறேன், பின்பக்கத்திலும்.
மேலதிகாரி திட்டுவார், திட்டட்டும்.

என்றாவது பெட்டிகளைத் திறந்துவைத்துக்கொண்டு
இப்படியொரு இரவு இருந்ததா என்று நீ தேடினால்:
இருந்தது, ரூரி.
நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

நான்கு பத்து. இருவரும் தூங்குகிறார்கள்.
ரொட்டி தீர்ந்துவிட்டது.
காலையில் வருபவர் வாங்கவும்.