பிற

வெள்ளக்கடையைத் தாண்டினால் சிக்னல் கிடையாது.
பள்ளிக்குப் பின்னால் பலாமரத்துப் பாறையில்
ஏறி உட்கார்ந்தால்தான்
நாங்கள் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிவோம்.

ஒரு கையில் போன், மடியில் பதிவேடு,
வாயில் பேனா மூடி.
மொத்தம் இருபத்து மூன்று.
பழங்குடி பதினாலு, ஆதிதிராவிடர் ஐந்து,
வெளிமாநிலம் நான்கு.
கழிப்பறையில் தண்ணீர் உண்டா?
ஆம் என்று அழுத்தினேன். ஏப்ரல் என்னை மன்னிக்கட்டும்.

சாதி: மலையாளி.
சேர்வராயன் மலையில் அவர்களுக்கு அதுதான் பெயர்.
மலையை ஆள்றவங்க டீச்சர் நாங்க, என்பார் தீர்த்தகிரி.
சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவார்.

சேலத்தில் எந்த மேசையிலோ எந்த விரலோ
பக்கத்துக் கட்டத்துக்கு வழுக்கிவிட்டது.
பதினாலு பேருக்கும் தாய்மொழி
மலையாளம்.

ஆய்வுக் கூட்டத்தில் எங்கள் பெயர் திரையில் சிவப்பாக வந்தது.
மொழிப்பாடத்தில் ஒன்றியத்திலேயே கடைசிக்கு முந்தி.
காரணம்: வீட்டு மொழி வேறு.
எழுந்து நின்று சொன்னேன்:
வீட்டு மொழி தமிழ்தான் சார்,
டிசம்பரில் செடியில் பழம் சிவந்தால்
என் ஐந்தாம் வகுப்பு காலி, அதுதான் காரணம்.
குறித்துக்கொண்டார்கள்.

என்ன குறித்தார்கள் என்று ஆகஸ்டில் தெரிந்தது.
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்தது ஒரு அட்டைப்பெட்டி.
மலையாளம், முதல் வகுப்பு, பதினாலு பிரதி.

திருப்பி அனுப்பும் செலவை எழுத எந்தத் தலைப்பும் இல்லை.
அன்றைக்கு மழை வேறு, கரண்டும் இல்லை.
பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

அரும்பு, மொட்டு, மலர் என்று
நாங்கள் தனித்தனியாக உட்கார வைத்த பிள்ளைகள்
ஒரே நிமிஷத்தில் எல்லாரும் அரும்பு.
எஸ்தர் டீச்சரும். நானும்.
மலர் வரிசை மோனிஷா புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.
ஜிலேபி மிஸ், என்றான் ஒருவன்.

அப்போதுதான் சுமந்தி சிரித்தாள்.
ஜார்க்கண்ட். இரண்டாம் வகுப்பு. தாய்மொழி: பிற.
ஜூனிலிருந்து அவள் குரலை நான் கேட்டதில்லை.
யாருக்கும் ஒன்றும் தெரியாத அறையில்
சம்மணமிட்டு நிமிர்ந்திருந்தாள்.

பதினொன்றாம் பக்கத்தில் ஒரு பையன் பல் துலக்குகிறான்.
படத்தின் மேல் ஒரு விரல் வைத்தாள்,
விழுந்த முன்பல்லின் சந்தில் ஒரு விரல்.
பல், என்றாள்.

தமிழ் வந்துடுச்சு! எஸ்தர் கைதட்டினார்.
சாயங்காலம் களைக்கொத்தோடு வந்து நின்ற
அவள் அம்மா எத்வாரி தலையாட்டி மறுத்தாள்.
தமிழ் இல்ல டீச்சர்.
எங்க பேச்சு. பல், பல்.
தன் பல்லையும் தொட்டுக் காட்டினாள்,
நான் கேட்காமலேயே.

சனிக்கிழமை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது
ஒண்டிக்கடை பேக்கரியில் பாலக்காட்டுக்காரரிடம்
அந்தப் பக்கத்தை நீட்டினேன்.
பல்லு, என்றார்.
ஊர்ப் புத்தகம் பார்த்த சந்தோஷத்தில் ஒரு தேங்காய் பன் இனாம்.

மறுபடி பாறை.
கட்டத்தைத் தொட்டால் மொழிகளின் பெயர்கள் வரிசையாக விழுகின்றன,
கடைசியில் பிற.
அதற்கும் கீழே விரலால் தள்ளிப் பார்த்தேன்.
ஒன்றும் இல்லை.
சுமந்தி, அடைவு நிலை: அரும்பு.
சேமி என்று அழுத்தினேன். வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

திருத்தம் கேட்டு மூன்று கடிதம் போட்டாயிற்று.
மார்ச்சில் முதல் மழை விழுந்து
காப்பி பூத்து மலையே வெளுத்துக் கிடந்த வாரம்
இன்னொரு பெட்டி வந்தது.
மலையாளம், இரண்டாம் வகுப்பு, பதினாலு.

பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டேன்.
வாசலில் சுமந்தி, பாதி முளைத்த பல்லோடு.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
ஒரு பிரதி குறைவு.