இதர

கொடுங்கையூர் மேட்டில்
பதினோரு மணி வெயிலில் படிவத்தை விரித்தேன்.
எரியுமா, அரிக்குமா, வெடிக்குமா, நஞ்சா?
நான்கு கட்டம், கட்டத்துக்கு ஐந்து மதிப்பெண்.
கூட்டி வரிசைப்படுத்த வேண்டும்,
பள்ளிக்கூட ரேங்க் அட்டை மாதிரி.

கார் பேட்டரி பதினேழு வாங்கியது.
பெயின்ட் டப்பா பதினாறு.
உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசம்
நஞ்சில் முழு மதிப்பெண், மற்றதில் கோட்டை விட்டது.
சாம்பார் ஊறிய சோறு
எல்லாவற்றிலும் பூஜ்யம்.

"அதையா கட்சீல போட்ட?" என்றாள் நூக்கம்மா,
கொக்கியால் குப்பையைச் சீய்த்தபடி.
"போன பங்குனில நாலு நாள் எரிஞ்சுதே,
யார் பத்த வெச்சா?
அடியில கெடந்த சோறுதான்.
ஊசிப்போயி, மூச்சு வுட்டு மூச்சு வுட்டு."
எழில் நகர்ப் பிள்ளைகள்
இருமிக்கொண்டே பரீட்சை எழுதினார்களாம்.

நான் ரப்பரைத் தேடினேன்.
அவள் கையுறையைக் கழற்றினாள்,
ஒன்றுதான் இருந்தது.
சுட்டுவிரலில் ஊசி குத்தியது:
ஸ்டான்லியில் ஆறு மாதம் ரத்தப் பரிசோதனை.
உள்ளங்கையில் டியூப்லைட்.
மணிக்கட்டில் வெளுத்த தழும்பு
பாத்ரூம் ஆசிட்.
"கலர் பாட்டில்ல இருந்துச்சு,
மூடி போட்டு, அழகா."

அப்போ எது முதல்?
யோசிக்கவே இல்லை அவள்.
"முடிச்சு."

கறுப்பு கவர், இரண்டு காதையும் இழுத்து
இறுக்கிய முடிச்சு.
"நாத்தம் வந்தா அதுவே சொல்லிடும்
நான் இன்னான்னு.
இது சொல்லாது.
கைய வுட்டாத்தான் தெரியும்."

படிவத்தில் ஐந்தாவது கட்டம் இல்லை.
பேனாவால் வரைந்தேன், கோணலாக.
'திறக்கும்வரை தெரியாதது'
என்று தலைப்பிட்டு
ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

மாலையில் கண்காணிப்பாளர் அதை அடித்துவிட்டு
'இதர' என்று எழுதினார்.
மதிப்பெண் இடத்தில் ஒரு கோடு.
பாதரசத்துக்கு ஏன் இவ்வளவு குறைவு
என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை ஆறரை.
பெரம்பூர், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி.
அப்பாவின் இன்சுலின் ஊசிகள், டயப்பர்,
தேங்காய் நார், தீர்ந்துபோன கொசு மருந்து
எல்லாம் ஒரே கவரில்.
கட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன்
என் விரல்களுக்கு
இது எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று.

நகத்தால் நெம்புகிறேன்,
அவிழ மாட்டேன் என்கிறது.
கீழே பேட்டரி வண்டியின் விசில்,
இரண்டாம் முறை.