ஒன்று எட்டு நான்கு மூன்று

வாரத்தில் ஆறு நாள் இரத்தம் கழுவுகிறேன்.
மனாமாவில், மூன்றாம் மாடியில்,
பன்னிரண்டு சாய்வு நாற்காலிகள்,
பன்னிரண்டு இயந்திரங்கள்.
குழாயில் ஒரு காற்றுக் குமிழி நுழைந்தால்
அலாரம் அலறும்,
கவ்வி தானாக மூடிக்கொள்ளும்.

ஏழாம் நாள் சல்மாபாத்.
கறுத்த தரை, ஓடாத ஏசி.
அங்கே எனக்கொரு ப்யூக்.
எழுபதாம் வருஷத்து லெசாபர்,
பதினெட்டடி நீளம்.
நான் பங்குக்கு இருக்கும் அறையைவிட
ஒன்றரை அடி அதிகம்.

எழுநூறு தினார் என்றேன்.
கணவர் போனிலேயே பெருக்கினார்:
ஒன்றரை லட்சம்.
ஓடுமா?
ஓடாது.
அப்புறம் வெகுநேரம்
தூத்துக்குடியின் மின்விசிறி மட்டும் கேட்டது.

ஜப்பான் ஸ்பேனர் எதற்கும் இது இணங்காது.
பதின்மூன்று வழுக்கிச் சுழலும்,
பன்னிரண்டு வாயைத் திறக்கவே திறக்காது.
அரை அங்குலம், அதுதான் வேண்டுமாம்.
பெஷாவர் வெல்டர் குல்சமான்
துருப்பிடித்த டப்பாவில் துழாவி எடுத்துத் தந்தார்:
"அமெரிக்கப் பிடிவாதம், சிஸ்டர்."

கதவின் உள்தகட்டைக் கழற்றிய அன்று
அரைப்படி மணல் கொட்டியது.
மணலோடு ஒரு பேரீச்சங்கொட்டை,
ஐம்பது ஃபில்ஸ்,
பாதி கரைந்த ரசீது.
கடைப்பெயர் போய்விட்டது, தேதி போய்விட்டது,
அரபியில் ஒரே ஒரு சொல் மிச்சம்.
குல்சமான் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்:
பாக்கி.
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வெள்ளையைச் சுரண்டினால் பச்சை.
பச்சைக்கு அடியில் செம்மண் ப்ரைமர்.
அதற்கும் கீழே, நகக்கண் அளவுக்கு,
தொழிற்சாலையில் பூசிய தங்கம்.
அந்த நகக்கண்ணை மட்டும்
நான் பெயின்ட் அடிக்காமல் விட்டிருக்கிறேன்,
இடது முன்சக்கரத்துக்கு மேலே,
குனிந்தால்தான் தெரியும்.

எட்டு சிலிண்டர். எட்டும் வெடிக்க ஒரு முறை உண்டு:
ஒன்று எட்டு நான்கு மூன்று
ஆறு ஐந்து ஏழு இரண்டு.
இரவுப் பணியில் இதை முணுமுணுத்தபடியே
ஒவ்வொரு இயந்திரமாகப் பார்த்துப் போவேன்.
ஒருநாள், ஏழாம் நாற்காலியில்,
கண்ணைத் திறக்காமலே மன்சூர் ஹாஜி
ஆமீன் என்றார்.

பதினான்கு மாதம் ஆயிற்று.
முதன்முதலாகப் பற்றியபோது கராஜே இருமியது.
குல்சமான் முகமூடியைத் தூக்கிப் பார்த்தார்,
மறுபடி கவிழ்த்துக்கொண்டார்.
கொண்டாட்டம் அவ்வளவுதான்.

பாசிங் முடிந்த மறுவாரம்,
ஜூலை, பகல் இரண்டு மணி,
சித்ரா பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது.
பானட்டைத் தூக்கினேன்.
கார்பரேட்டருக்குப் போய்ச்சேருமுன்
குழாயிலேயே கொதித்து ஆவியாகியிருந்தது பெட்ரோல்.
குமிழிதான்.
இங்கே அலாரம் கிடையாது.
டிக்கியிலிருந்து மரத் துணிக்கிளிப்புகள் பதினொன்றை எடுத்து
குழாய் நெடுகக் கவ்வவிட்டேன்.

வண்டியை ஓரங்கட்டி இறங்கிவந்த போலீஸ்காரப் பையன்
கிளிப்புகளை எண்ணினான்.
"இது என்ன வைத்தியம்?"
"சூட்டை மரம் வாங்கிக்கொள்ளும் என்கிறார்கள்.
எனக்கே முழு நம்பிக்கை இல்லை."
தன் குடிதண்ணீரில் துணியை நனைத்துப்
பெட்ரோல் பம்பின் மேல் போட்டான்.
தகரம்போல் கிடந்தது கடல்.
"இந்தியாவுக்குக் கொண்டுபோவீர்களா?"
"ஸ்டியரிங் இடப்பக்கம். விடமாட்டார்கள்."
"அப்படியானால்?"
"என் விசா இரண்டு வருஷம்,
இதன் பாசிங் ஒரு வருஷம்" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. நானும்.

இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினேன்.
ஒன்று.
எட்டு.
நான்கு.
அதற்குமேல் எண்ண முடியவில்லை,
அவ்வளவு வேகம்.

அறைக்கு வந்தால் மொட்டைமாடியில் மாரிவிக்,
இரண்டு கையிலும் ஈர யூனிஃபார்ம்,
வெறுங்கொடியைப் பார்த்தபடி நிற்கிறாள்.
கிளிப்பெல்லாம் எங்கே?

வேலைக்குப் போயிருக்கு என்றேன்.