ஏழாம் எண்

கொந்தியோலாஹ்தி மைதானத்தில்
மைனஸ் பதினாறு.
பேனா மை உறைந்துவிடும் என்று
பென்சிலோடு வந்தேன்.
இளங்கலை மூன்றாமாண்டு ஆய்வேடு:
'ஐந்தாம் குண்டுக்கு முன்பான மனம்'.
தலைப்பைச் சுருக்கச் சொன்னார் பேராசிரியர்.
மனத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை நான்.

பதினாலு பேர். எல்லோருக்கும் எண்தான்.
பனிச்சறுக்கில் மூச்சிரைக்க வந்து
முதுகுத் துப்பாக்கியைக் கழற்றி
எதிரே உள்ள கறுப்பு வட்டங்கள் ஐந்தையும்
சுட்டு வெள்ளையாக்க வேண்டும்.
நான்கு பெரும்பாலும் வெள்ளையாகிவிடும்.
ஐந்தாவதில்தான்
நெஞ்சுப்பட்டை எனக்குக் கதை சொல்லும்:
நூற்று அறுபத்தெட்டு, நூற்று எழுபத்தொன்று.

"சுடுமுன் என்ன நினைத்தாய்?"
ஒன்றுமில்லை என்றது மூன்று.
ஒன்றுமில்லை என்றது ஒன்பது.
பதினொன்று மட்டும்
"இன்றைக்கு வியாழன், பட்டாணி சூப்" என்றது.
எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது அதை?

ஏழு வேறு மாதிரி.
முதல் நான்கும் ஒரே அவசரம்.
ஐந்தாவதற்கு முன்
துப்பாக்கிக் கட்டையிலிருந்து கன்னத்தை எடுத்து
எதையோ காதில் வாங்குவதுபோல் நிற்பான்.
ஒரு மூச்சு. பிறகு விரல்.
இருபத்துமூன்று முறையில் இருபத்திரண்டு வெள்ளை.
(நிற்பான் என்று எழுதியதே பிழை.
ஏழு, நிற்கும்.)

வரைபடத்தில் தனியே மேலே நின்ற புள்ளி,
மற்றப் பதின்மூன்றையும்
தன் பக்கம் இழுத்துக்கொண்டு.
ஏழு இருந்தால் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு.
தற்செயல் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

மார்ச், பனி இளகும் வாரம்,
ஒரு வரியில் மின்னஞ்சல்:
என் விவரங்களை அழித்துவிடவும்.
காரணம் சொல்லத் தேவையில்லை.
ஒப்புதல் படிவத்தில் அந்த வாக்கியத்தை
நான்தான் தட்டச்சு செய்தேன்,
மூன்றாம் பத்தி, தடித்த எழுத்தில்.

இரவு நூலகத்தில் நானும்
தரை துடைக்கும் இயந்திரத்தோடு ராய்மோவும்.
ஏழு போனால் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்பது.
அதாவது ஒன்றுமில்லை.
மூன்றும் ஒன்பதும் சொன்ன அதே ஒன்றுமில்லை.

பையில் ஒரு நெஞ்சுப்பட்டை கிடந்தது.
சட்டைக்குள் கட்டிக்கொண்டேன்.
உட்கார்ந்த இடத்திலேயே நூற்று இருபத்தொன்று.
ஏறிவந்த மேடு எதுவுமில்லை.
பார்க்கவும் ஆளில்லை.
விரலுக்கடியில் ஒரு பொத்தான்.

திரையிலிருந்து முகத்தை எடுத்தேன்.
தண்ணீர் மாற்றப் போயிருந்தார் ராய்மோ;
இயந்திரச் சத்தம் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே
கூரைப்பனி சொட்டுவது அப்போதுதான் கேட்டது.
வெகுநேரமாகச் சொட்டியிருக்க வேண்டும்.
ஏழு கேட்டதும் இப்படி ஏதாவதா?
இனி விசாரிக்கக் கூடாது.
அதுவும் மூன்றாம் பத்தியில் இருக்கிறது.

அழுத்தினேன்.

"காலைத் தூக்கு" என்றார்
வாளியோடு திரும்பிய ராய்மோ.
தூக்கினேன்.
நாற்காலிக்கடியில் துடைத்துக்கொண்டு போனார்.
தொண்ணூற்றாறு.