இல்லம்

ஞாயிறு காலை ஓயாக் கரையில் பதினேழு பேர்.
போன வாரம் இருபத்திரண்டு.
குறைந்த ஐந்து பேரும்
கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போயிருக்கிறார்கள்.
குற்றம் சொல்ல எனக்கு நாக்கு இல்லை.
போன மாதம் நானும் போனேன்.

சோமலதா கிராமத்துப் பக்கமிருந்து
நாற்பது மூங்கில் கன்று கொண்டுவந்தாள்,
ஈரச் சாரத்தில் சுற்றி, இடுப்பில் இடுக்கி.
நஸ்ருதீன் கடையிலிருந்து ஒரு கேன் வெறுந்தேத்தண்ணி,
சீனி தனியாகக் கடதாசியில்.
ஃபாக்டரி ஃபயர்மேன் தங்கையா
அட்டைக்குச் சவர்க்காரம் பூசிய கால்களோடு
முதல் ஆளாக இறங்கினார்.

இரவில் யாரோ தோண்டுகிறார்கள்.
பகலில் நாங்கள் மூடுகிறோம்.
கூட்டத்தில் யாரோ என்றுதான் சொல்வோம்.
யாரோவுக்கு மூன்று பிள்ளைகள் என்பதும்
யாரோ எடுத்த தீபாவளி முற்பணம்
இன்னும் கழியவில்லை என்பதும்
பொகவந்தலாவை முழுக்கத் தெரியும்.

கரை சரிந்ததில்
லயத்துப் பீலியில் சேறு.
"பால் தேத்தண்ணி வருதும்மா" என்றான் என் மகன்.
சிரித்தோம்.
அந்த வாரமே டிஸ்பென்சரி வாசலில்
பதினொரு பிள்ளைகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
அதற்குப் பிறகுதான் மேலே ஏறிப் பார்த்தோம்.
ஊற்றுக்கண் இருந்த காட்டுத்துண்டில்
பாதி கோவாப் பாத்தி,
மருந்து போத்தல்கள், ஒரு கிழிந்த கையுறை.
மீதிப் பாதியில்
நெல்லிக்காய் அளவு தண்ணீர்
கல்லுக்கடியில் இன்னும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மாணிக்கம் கிடக்கும் பரல் மண்ணுக்கு
இங்கே இல்லம் என்று பேர்.
இல்லம் தட்டுப்பட்டால்
ஆள் கரையேறிவிடுவான் என்பார்கள்.
எங்கள் இல்லம் பத்தடிக்குப் பன்னிரண்டடி.
ஆறு பேர், ஓர் அடுப்பு.
அதைத் தோண்டினால் என்ன வரும்?

நாலாவது குழியில் இடுப்பளவு தண்ணீர்.
வாளி வாளியாக இறைத்து வரும்போது
காலில் ஏதோ இடறியது.
இழுத்தேன்.
மம்பட்டி.
பிடியில் சிவப்பு வயர் ஏழு சுற்று,
முடிச்சு இடப்பக்கம்.
எனக்கு இடக்கைப் பழக்கம்.
எங்கள் லயத்தில் வேறு யாரும்
அப்படி முடிச்சுப் போட மாட்டார்கள்.

"யாருது?" என்றார் தங்கையா.
"யாரோவுது" என்றேன்.
அதனாலேயே அந்தக் குழியை மூடினேன்.
ஈரத்திலும் வழுக்கவில்லை.
நன்றாகத்தான் கட்டியிருக்கிறேன்.

இரவு அதைக் கழுவி
யோகேஸ் முன்னால் வைத்தேன்.
தம்பி அதைப் பார்க்கவில்லை, சோற்றைப் பார்த்தான்.
"இந்தத் தண்ணி காசல்ரீக்குப் போயி
கொழும்புக்கு லைட்டாகுது அக்கா.
நம்ம காம்பராவுல கரண்ட் வெட்டி ரெண்டு மாசம்.
ஆத்துக்கு நீ காவல் நிக்கிற.
ஒனக்கு யாரு நிக்கிறா?"
பதில் இருக்கும் என்று வாயைத் திறந்தேன்.
வாயில் சோறுதான் இருந்தது.

வெள்ளி இரவு முழுக்க மழை.
விடிந்தபோது மம்பட்டி மூலையில் இல்லை.
நான் தேடவில்லை.

அடுத்த ஞாயிறு பதினான்கு பேர்.
நாலாவது குழி திறந்து கிடந்தது.
சோமலதா சிங்களத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி,
எங்களுக்கும் விளங்கட்டும் என்று
தமிழிலும் சொன்னாள்.
நான் கன்றுகளை எண்ணினேன்.
நாற்பது.
மறுபடியும் எண்ணினேன்.

வரிசையில் மூன்று மட்டும்
வேரோடும் மண்ணோடும் பெயர்க்கப்பட்டு,
நாலடி மேலே, வெள்ளம் எட்டாத இடத்தில்
நடப்பட்டிருந்தன.
ஒன்று சாய்ந்துவிடாமல் ஒரு குச்சி.
குச்சியில் சிவப்பு வயர்.
முடிச்சு வலப்பக்கம்.

"சாக்கப் புடி புள்ள" என்றார் தங்கையா.
பிடித்தேன்.