முன்வருமா

சிப்பிவலசையில் தூண்டில் வளைவு அமைக்க
அரசு முன்வருமா?
இந்த வரியை முதலில் தட்டச்சு செய்தபோது
எனக்கு இருபத்து மூன்று வயது.
சட்டமன்ற விடுதி அறை, கருவாடு வறுத்த வாசனை,
பனியனோடு ராக்கமுத்து ஐயா
இருமி இருமிச் சொன்னார்:
'நூத்தியிருபது வீடு, போட்டுக்கோ.
நல்ல தண்ணிக் கெணறு ஒண்ணு. அதையும் போடு.'
கேள்விக்கு நட்சத்திரக் குறி கிடைத்தது.
பதிலும் கிடைத்தது:
ஆவன செய்யப்படும்.

ஐயா இறந்த வருடம் இடைத்தேர்தல்.
பல் டாக்டர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக்
கதிர்மாறன் ஊர் ஊராகக் கும்பிட்டார்.
வேட்டி இடுப்பில் நிற்கவில்லை,
நான்தான் பெல்ட் வாங்கிக் கொடுத்தேன்.
பாசி எடுத்த ஈரத்தோடு ஓடிவந்த பெண்கள்
அவர் முகத்தில் அப்பன் முகத்தைத் தேடினார்கள்.
கிடைத்திருக்க வேண்டும்.
சிப்பிவலசை பூத்தில் ஒரு ஓட்டு வெளியே போகவில்லை.

அவையில் அவருடைய முதல் கேள்வியும் அதேதான்.
எண்பத்து நாலு வீடு என்று திருத்தினேன்.
கிணற்றை எடுத்துவிட்டேன்.
கச்சான் காலத்துக் கடல் எனக்கு முன்பே
அதை எடுத்திருந்தது.
நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்.

ஒருமுறை தோற்றார்.
அந்த ஐந்து வருடம் அலுவலகத்துக்கு வந்தது
நானும் கரண்ட் பில்லும்.

பிறகு ஜெயித்தார். மந்திரியானார்.
ராமநாதபுரம் அரண்மனைத் தெரு முழுக்கத் தட்டிகள்.
ஒவ்வொன்றிலும் ஐயா மேகத்துக்குள்ளிருந்து
கைநீட்டிக்கொண்டிருந்தார்.

தொகுதி மறுசீரமைப்பில்
சிப்பிவலசை பக்கத்துத் தொகுதிக்குப் போய்விட்டது.
போன மாதம் அந்தத் தொகுதி எதிர்க்கட்சிப் பையன்,
முதல் தடவை வந்தவன், எழுந்து கேட்டான்
அரசு முன்வருமா என்று.
முப்பத்தோரு வீடு என்றான்.

துறையிலிருந்து வந்த பதிலில்
'அத்தகைய கருத்துரு ஏதும்
அரசின் பரிசீலனையில் இல்லை.'
அதற்கு அடியில் ஐயாவின் பழைய காகிதத்தைக்
குத்தி வைத்திருந்தேன், துருவேறிய அதே குண்டூசியோடு.
ஏன் செய்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.
தாளைப் புரட்டியவர்
அதிகாரிகள் மாடத்தை நிமிர்ந்து பார்த்தார்.
நான் என் நகங்களைப் பார்த்தேன்.

இருமினார்.
பிறகு பதிலைப் படித்தார், ஒரு எழுத்து மாறாமல்.

அவைக்குறிப்பில் மேசை தட்டியது ஏறும்.
குறுக்கீடு ஏறும். சிரிப்பு ஏறும்.
இருமல் ஏறாது.

சாயங்காலம் அந்தோணிப்பிச்சை போன் செய்தார்.
டிவியில் பார்த்தார்களாம்.
'அச்சு அசல் பெரியவரு இருமல்ய்யா.'
வேறு எதுவும் கேட்கவில்லை.
வத்தையை இப்போது பள்ளிக்கூடக் கொடிக்கம்பத்தில்தான்
கட்டுகிறார்களாம்,
தண்ணீர் அதுவரை வருகிறதாம்.

எழுதிக்கொண்டேன்.
பழக்கம்.