முதல் மழைக்கு மறுநாள்

சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடம் முடிகிற இடத்தில்
கவிழ்ந்து கிடக்கும் தள்ளுவண்டியைத் தாண்டி இறங்கினால்
என் அலுவலகம்.
ஹார்லன் ஓடை. முழங்கால் ஆழம்.
மாவட்ட வரைபடத்தில் நீலமாய் ஒரு மயிரிழை.

பென்சில்தான். மழையில் பேனா எழுதாது.
கத்தி, பதிவேடு, ரப்பர் பூட்ஸ்.
இரவு முழுக்கப் பெய்ததன் மிச்சம்
ஆல்டர் இலைகளிலிருந்து பிடரியில் சொட்டுகிறது.

கரையொதுங்கிய கோஹோ சால்மனைப் புரட்டி
வயிற்றைக் கீறுகிறேன்.
சினை அப்படியே இருக்கிறது,
ஆரஞ்சு மணிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு,
ஒன்றுகூடக் குறையாமல்.
பதிவேட்டில் இரண்டே கட்டம்: இட்டது, இடாதது.
காலையிலிருந்து
இடாதது, இடாதது, இடாதது.

பதினோராவது மீனில் வெர்னா நிமிர்ந்து
இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.
"ஒரு கட்டத்தை அச்சடிக்காமலே விட்டிருக்கலாம்" என்றாள்.

சீல்களுக்குத் தப்பி, வலைகளுக்குத் தப்பி,
கழிமுகத்தில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தப்பி
பிறந்த நீரின் வாடையை மூக்கில் முடிந்துகொண்டு வந்தவள்
நெடுஞ்சாலைக்குக் கீழே வந்ததும் வாய் பிளக்கிறாள்.
மேல்நீரில் வட்டம் போடுகிறாள்.
கரையில் போய் முட்டுகிறாள். பிறகு சாய்கிறாள்.
நாலு மணி நேரம். சில சமயம் அதுகூட இல்லை.
அதே நீரில், அவளுக்குப் பக்கத்திலேயே
சம் சால்மன் ஒன்று
எதுவும் நடக்காதது போலப் போகிறது.

போன வருடம் வரை இங்கே ஒரு கல்வெர்ட் இருந்தது.
துருப்பிடித்த குழாய், ஓடைக்கு மூன்றடி மேலே அதன் வாய்.
மீன்கள் எம்பி எம்பி
நெற்றியைப் புண்ணாக்கிக்கொண்டு திரும்பிவிடும்.
அதைப் பெயர்த்துப் பாலம் கட்ட ஒன்பது வருடம் மனு எழுதினோம்.
ரிப்பன் வெட்டிய அன்று கேக்கூட இருந்தது,
அதன்மேல் சர்க்கரையில் ஒரு மீன்.
கதவைத் திறந்துவிட்டோம்.
உள்ளே வரச் சொன்னோம்.

ஊர்க்கூட்டத்தில் ஓரின் ஹால்ட்விக் எழுந்து
"எந்த ஃபாக்டரி? பெயரைச் சொல்" என்றார்.
நல்ல மனிதர். தன் மேய்ச்சல் நிலத்தில்
மாடுகள் ஓடைக்கரையை மிதிக்காதபடி
சொந்தச் செலவில் வேலி போட்டவர்.
ஃபாக்டரி இல்லை, டயர் என்றேன்.
ரப்பர் வெடிக்காமலிருக்கப் போடுகிற மருந்து
காற்றுப் பட்டு வேறொன்றாகி
கோடை முழுக்கத் தூசாய்ச் சாலையில் காத்திருக்கிறது,
முதல் மழை கழுவி ஓடைக்குத் தருகிறது என்றேன்.
அறையில் நாற்பது பேர்.
வெளியே முப்பத்தெட்டு வண்டிகள்.
ஓரின் தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
என் வண்டிக்கு அந்த வாரம்தான் புது டயர் மாற்றியிருந்தேன்.
மூன்றின் விலைக்கு நாலு.

பன்னிரண்டாவது மீன் இன்னும் செவுளை அசைத்தது.

வெர்னா மழைக்கோட்டைக் கழற்றி நனைத்து
அவளைச் சுற்றி எடுத்தாள்.
விதிப்படி தொடக்கூடாது.
இருபது வருடமாகப் பழங்குடி மீன்வளத் துறையில் இருப்பவள்,
பிழைக்காது என்று என்னைவிட நன்றாகத் தெரியும்.
கால் மைல் மேலே, பீவர்கள் அடைத்த குட்டை;
சேற்றிலும் வேரிலும் வடிந்து தண்ணீர் வருகிற,
சாலை எதுவும் தொடாத கிளை.
பதிவேட்டை வாயில் கவ்விக்கொண்டு
கட்டைகளில் தடுக்கித் தடுக்கிப் பின்னால் ஓடினேன்.

விட்டாள்.
மீன் சாய்ந்தது. நிமிர்ந்தது. சாய்ந்தது.
குட்டையின் இருட்டுக்குள் போய்விட்டது,
நீந்தியா, மூழ்கியா, தெரியவில்லை.

இரண்டே கட்டம்.
ஓரத்தில் ஒரு பென்சில் புள்ளி வைத்தேன்.

சாயங்காலம் மறுபடி மழை.
பாலத்தின்மேல் வந்ததும்
கால் தானாகவே பிரேக்குக்குப் போகிறது.
பிரேக் போட்டால் இன்னும் தேயும்.
காலை எடுக்கிறேன்.
நிறைமாதக்காரியை ஏற்றிக்கொண்டவள் போல
மெதுவாக, மிக மெதுவாக உருட்டிப் போகிறேன்.

பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான்.